சித்தாளின் மகள் கையில் வேலை அட்டவணை

கட்டட வேலையில் பெண்ணுக்கு ஒரே பெயர்தான்: சித்தாள். சிற்றாள் என்பதுதான் பேச்சில் அப்படி ஆனது. சின்ன ஆள் என்று பொருள். பதினெட்டு வயதில் சும்மாடு கட்டிச் செங்கல் சுமக்க வருகிறவரும் சின்ன ஆள். ஐம்பத்தைந்து வயதில் முழங்கால் தேய்ந்து வீட்டோடு உட்காருகிறவரும் சின்ன ஆள். அதே சைட்டில் அதே நாளில் சேர்ந்த பையன் முதலில் மம்பட்டி பிடிப்பான், பிறகு கரண்டி பிடிப்பான், நான்கைந்து வருடத்தில் கொத்தனார் ஆவான், கொஞ்சம் காசும் ஆளும் சேர்ந்தால் மேஸ்திரி ஆவான். அவன் ஏறுகிற ஏணியில் பெண்ணுக்கு முதல் படியை மட்டும்தான் வைத்திருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் இன்றும் சித்தாள் கூலி, கொத்தனார் கூலியில் ஏறக்குறைய பாதிதான்.

நாங்கள் களப்பணி செய்வது சென்னையின் மேற்குப் புறநகரில். 1960-களில் ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை வந்தது, அம்பத்தூரில் தொழிற்பேட்டை வந்தது. 2024 நவம்பரில் பட்டாபிராமில் 21 மாடி டைடல் பூங்கா திறந்தார்கள். கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரை 26 கிலோமீட்டர் மெட்ரோ வழித்தடம். இவற்றுக்கு நடுவே ஏரிக்கரை வரைக்கும் அடுக்குமாடிக் குடியிருப்புகள். இந்தப் பகுதியில் கட்டட வேலைக்குப் போகாத ஒரு சேரித் தெருவைக் கூட நாங்கள் பார்த்ததில்லை. மண் சுமந்தவர்கள், ஜல்லி சுமந்தவர்கள் என்று கேட்டால் தெருவுக்குப் பத்துப் பெண்கள் கை தூக்குவார்கள். சைட்டில் வரைபடத்தைக் கையில் பிடித்தவர்கள் யார் என்று கேட்டால் தெரு அமைதியாகிவிடும்.

அந்த அமைதியைக் கொஞ்சம் கலைத்த ஒரு தோழியைப் பற்றித்தான் எழுத வந்தோம். அவர் இன்னும் அதே வேலையில் இருக்கிறார் என்பதால் அவருடைய பெயரோ, தெருவோ, நிறுவனமோ இங்கே வராது.

அவருடைய அம்மா சித்தாள். மகள் பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமோ முடித்தார். "நாங்க தூக்குறத நீ படிக்கிற" என்று அம்மாவுக்குப் பெருமை. படிப்பு முடிந்து வேலை தேடியபோது எல்லா இடத்திலும் ஒரே பதில்: "சைட்டுக்கு லேடீஸ் எடுக்கறதில்லைம்மா." சித்தாளாகப் பெண் வரலாம், சூப்பர்வைசராக வரக்கூடாது. வேறு வழியில்லாமல் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஏற்றுமதிக்குச் சட்டை தைக்கும் ஒரு கம்பெனியில் சேர்ந்தார். எட்டு வருடத்தில் லைன் சூப்பர்வைசர். எந்த மெஷினில் வேலை தேங்குகிறது, எந்தக் கையை எங்கே மாற்றினால் லைன் ஓடும், ஒரு மணி நேரத்துக்கு எத்தனை உருப்படி, மாலைக்குள் கணக்கு வருமா என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆனால் சம்பளம் குறைந்தபட்சக் கூலியைச் சுற்றியே சுற்றிக்கொண்டிருந்தது.

முப்பத்தொரு வயதில், ஒரு குழந்தைக்குத் தாயான பிறகு, கட்டுமான நிறுவனம் ஒன்றில் 'புரொடக்ஷன்' பிரிவில் ஆள் எடுப்பதைக் கேள்விப்பட்டுப் போனார். டிப்ளமோ இருந்தது, கம்ப்யூட்டரில் அட்டவணை போடத் தெரிந்திருந்தது, லைன் ஓட்டிய அனுபவம் இருந்தது. எடுத்துக்கொண்டார்கள். முதல் வருடம் பழைய சம்பளத்தைவிடக் குறைவு. வீட்டில் அதற்கே ஒரு சண்டை.

புரொடக்ஷன் வேலை என்றால் என்ன என்று நம் மாணவர்கள் பலர் கேட்கிறார்கள். பெரிய சைட்டில் வரைபடம் போடுபவர் வேறு, தரம் பார்ப்பவர் வேறு. நாளைக்குக் காலையில் எந்தத் தளத்தில் என்ன வேலை, கம்பி கட்ட எத்தனை பேர், சென்ட்ரிங் எப்போது முடியும், காங்கிரீட் லாரி எத்தனை மணிக்கு வர வேண்டும், பம்ப் வந்து சேருமா, ஒருவர் வேலை முடிந்து அடுத்தவர் வருவதற்குள் எத்தனை பேர் சும்மா நிற்பார்கள் என்பதையெல்லாம் கணக்குப் போட்டு ஓட்டுவதுதான் புரொடக்ஷன். மாலையில் அன்றைய அறிக்கை எழுத வேண்டும். நம் தோழி சொன்னது: "துணிக்குப் பதிலா காங்கிரீட்டு. மெஷின் நவுராது, இங்க ஆளுங்க நவுருறாங்க. கணக்கு ஒண்ணுதான்."

கணக்கு ஒன்றாக இருந்தாலும் இடம் வேறு. சேர்ந்த முதல் வாரத்திலேயே விசாரணை ஆரம்பித்தது. சொந்த ஊர் எது, ஆவடியில் எந்தப் பக்கம், அப்பா என்ன செய்தார், கும்பிடுகிற சாமி எது. சென்னையில் சாதி கேட்க மாட்டார்கள் என்று நம்புகிறவர்கள் இந்தக் கேள்விகளை ஒருமுறை வரிசையாக வாசித்துப் பாருங்கள். அம்மா சித்தாள் என்பதை அவர் மறைக்கவில்லை. அடுத்த வாரத்திலிருந்து சென்ட்ரிங் மேஸ்திரி அவர் போடும் அட்டவணையைக் கையில் வாங்கவே இல்லை. "ஆபீஸ்லயே குடுத்துடுங்க மேடம், நான் பாத்துக்கறேன்." அந்த மேடத்தில் எவ்வளவு மரியாதை இருந்தது என்பது கேட்டவர்களுக்குத்தான் தெரியும்.

மோதல் வந்தது முட்டு பிரிப்பதில். தளம் போட்ட பிறகு அடியில் தாங்கி நிற்கும் முட்டுகளை எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும் என்பது யாருடைய விருப்பமும் அல்ல. ஐ.எஸ். 456 என்கிற இந்தியத் தர விதியில், சாதாரண போர்ட்லண்ட் சிமெண்டுக்கு, தாங்குதூரம் 4.5 மீட்டர் வரை உள்ள தளத்துக்கு 7 நாள், அதற்கு மேலென்றால் 14 நாள் என்று இருக்கிறது. 6 மீட்டருக்கு மேற்பட்ட பீமுக்கு 21 நாள். ஆனால் முட்டும் பலகையும் வாடகைச் சரக்கு. சீக்கிரம் பிரித்தால் அடுத்த பிளாக்குக்குக் கொண்டுபோகலாம். மேஸ்திரி ஒன்பதாவது நாளே பிரிக்க ஆள் அனுப்பினார். 14 நாள் நிற்க வேண்டிய தளம் அது. அடியில் குப்பை அள்ளிக்கொண்டிருந்தவர்கள் நான்கு சித்தாள் பெண்கள்.

தோழி அவர்களை வெளியே வரச் சொன்னார். பிரிக்கக்கூடாது என்றார். "சித்தாள் பொண்ணு எனக்குச் சென்ட்ரிங் சொல்லித் தருதா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார் மேஸ்திரி. தோழி பதில் சொல்லவில்லை. அன்றைய அறிக்கையில் தளம் போட்ட தேதி, தாங்குதூரம், விதி, பிரிக்க முயன்ற நேரம் நான்கையும் எழுதி, தன் கையெழுத்தைப் போட்டு மேலே அனுப்பினார். வாயால் சொன்னதைத் தள்ளிவிடலாம், எழுதி வைத்ததைத் தள்ள முடியாது. மூத்த இன்ஜினியர் வந்து பார்த்து வேலையை நிறுத்தினார். ஐந்து நாள் தாமதத்துக்குத் தோழிதான் மீட்டிங்கில் திட்டு வாங்கினார். ஆனால் முட்டு நின்றது.

இது சின்ன விஷயம் என்று நினைப்பவர்களுக்கு மவுலிவாக்கத்தை நினைவுபடுத்துகிறோம். போரூரிலிருந்து குன்றத்தூர் போகிற வழியில், 2014 ஜூன் 28 சனிக்கிழமை மாலை, கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் மழையில் சரிந்தது. 61 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் ஆந்திராவிலிருந்தும் தமிழ்நாட்டின் உள்மாவட்டங்களிலிருந்தும் பிழைக்க வந்த தொழிலாளிகள். அவர்களில் பெண்களும் இருந்தார்கள். பக்கத்தில் நின்ற இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்த்தார்கள். விசாரணை ஆணையம் அமைந்தது, வழக்கு நடந்தது. நாம் கேட்க வேண்டிய கேள்வி இன்னொன்றும் உண்டு. அந்தக் கட்டடத்தைத் தினமும் தொட்டு வேலை செய்த கைகளில், "இது சரியில்லை, நிறுத்துங்கள்" என்று எழுதிக் கையெழுத்துப் போடும் உரிமை எத்தனை கைகளுக்கு இருந்தது?

சாதி என்பது உழைக்கிறவர்களை ஒருவர் மேல் ஒருவராக அடுக்கி வைக்கும் ஏற்பாடு என்று நமக்குக் காட்டியவர் அம்பேத்கர். சமூகவியல் வகுப்பில் அதைப் புத்தகமாகப் படித்தோம். சைட்டில் அது மாடி மாடியாக நிற்கிறது. மேலே முதலாளி, அவருக்குக் கீழே இன்ஜினியர், லேபர் கான்ட்ராக்டர், மேஸ்திரி, கொத்தனார், பெரியாள், எல்லோருக்கும் கீழே சித்தாள். ஒவ்வொருவருக்கும் அதட்டுவதற்குக் கீழே ஒருவர் இருக்கிறார். சித்தாளுக்குக் கீழே மண் மட்டும்தான்.

இதை மாற்றச் சட்டமே இல்லையா என்றால், இருந்தது. 1976-இன் சம ஊதியச் சட்டம் ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்றது. கான்ட்ராக்டர்கள் அதைச் சுலபமாகத் தாண்டினார்கள். பெண்ணுக்குக் கொத்தனார் வேலையே கொடுக்காவிட்டால் ஒரே வேலை என்ற பேச்சே எழாதல்லவா? 1987-இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, பதவி உயர்விலும் பயிற்சியிலும்கூடப் பாகுபாடு கூடாது என்று சேர்த்தார்கள். இப்போது அதன் இடத்தில் 2019-இன் ஊதியச் சட்டத் தொகுப்பு இருக்கிறது. கூலிக்காகப் போராடிய அளவுக்கு, பயிற்சிக்கும் பதவி உயர்வுக்கும் நம் இயக்கங்கள் போராடியிருக்கின்றனவா என்பதைப் பேச வேண்டிய நேரம் இது.

கட்டடத் தொழிலாளர் சங்கங்கள் நீண்டகாலம் போராடியதால் 1994-இல் தமிழ்நாட்டில் நலவாரியம் வந்தது. 1996-இல் மத்தியச் சட்டம் வந்தது. கட்டுமானச் செலவில் ஒரு சதவீதம் தொழிலாளர் நலநிதிக்குப் போக வேண்டும். ஐந்து கோடி ரூபாய்க்கு ஒரு குடியிருப்பு எழுந்தால் ஐந்து லட்சம். அதே 1996 சட்டம், ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று எழுதியது. எங்கள் பகுதியில் நாங்கள் பார்த்த சைட்டுகளில் பத்துப் பெண்கள், பதினைந்து பெண்கள் இருப்பார்கள். ஐம்பது எங்கே வரும்? மணல் குவியல்தான் காப்பகம்.

பெண்கள் இந்தத் துறையில் மேலே போனதே இல்லை என்றும் சொல்ல முடியாது. நம் கிண்டி பொறியியல் கல்லூரியில் 1940-களிலேயே பி.கே. திரேசியா சிவில் படித்தார். 1971-இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். கல்லூரிக் கதவு பெண்ணுக்குத் திறந்து எண்பது வருடம் ஆகிறது. ஆனால் அந்தக் கதவு வழியாக வந்தவர்கள் வேறு வீட்டுப் பெண்கள். கல் சுமந்த வீட்டிலிருந்து மேலே போகும் வழி தனியாகப் போட வேண்டியிருக்கிறது. சில இடங்களில் போட்டும் இருக்கிறார்கள். அகமதாபாத்தில் சேவா அமைப்பைச் சேர்ந்தவர்கள் 'கார்மிகா' என்ற பள்ளியில் சித்தாள் பெண்களுக்குக் கொத்து வேலையும் பெயிண்டிங்கும் சொல்லிக் கொடுத்தார்கள். ஜார்க்கண்டில் கழிப்பறை கட்டப் பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்களை 'ராணி மிஸ்திரி' என்று அழைக்கிறார்கள். கான்பூர் குடிசைப் பகுதிகளில் ஆயிரக்கணக்கான கழிப்பறைகள் கட்டிய கொத்தனார் கலாவதி தேவிக்கு 2020 மார்ச் 8 அன்று நாரி சக்தி விருது கிடைத்தது. பெண்ணால் கரண்டி பிடிக்க முடியுமா என்று இனியும் யாராவது கேட்டால், கேள்வி கரண்டியைப் பற்றியது அல்ல என்று புரிந்துகொள்ளுங்கள்.

இப்போது நம் கூட்டங்களில் தோழர்கள் கேட்கும் கடினமான கேள்விக்கு வருவோம். புரொடக்ஷன் மேனேஜர் என்பவர் நிர்வாகத்தின் ஆள். டார்கெட்டை முடிக்கத்தான் சம்பளம். டார்கெட் கூடினால் அது கடைசியில் சித்தாளின் தலையில்தான் இறங்கும். நம் வீட்டுப் பெண் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் கூலி கூடிவிடுமா? விரட்டுகிறவரின் சாதி மாறினால் போதுமா?

இதை முதலில் கேட்டவர் தோழியின் அம்மாதான். வேலை கிடைத்த சேதியைச் சொன்னபோது அவர் சந்தோஷப்பட்டார், பிறகு கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்: "நீயும் எங்கள வெரட்டத்தான் போறியா?" தோழியிடம் அன்று பதில் இல்லை. எங்களிடமும் முழுப் பதில் இல்லை. நாற்காலி மட்டும் கூலியைக் கூட்டாது. கூலியைக் கூட்டச் சங்கம் வேண்டும். இதில் எங்களுக்கு எந்தச் சந்தேகமும் கிடையாது.

ஆனால் அட்டவணை யார் கையில் இருக்கிறது என்பதும் முக்கியம் என்று அந்த சைட்டில் பார்த்தோம். பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. பக்கத்துக் காலி மனைக்குப் போய்வந்தார்கள். பலர் தண்ணீரே குடிக்காமல் இருந்தார்கள். நீர்க்கடுப்பு வந்து மருத்துவமனைக்கு நாங்களே சிலரை அழைத்துப் போயிருக்கிறோம். கேட்டபோதெல்லாம் "பாக்கலாம்" என்றார்கள். தோழி தைக்கும் கம்பெனியில் கற்ற கணக்கை எடுத்தார். ஒரு பெண் போய்வர எத்தனை நிமிடம், ஒரு நாளைக்கு எத்தனை தடவை, எத்தனை பெண்கள், மாதத்துக்கு எத்தனை ஆள்நாள் நஷ்டம் என்று ஒரே தாளில் போட்டுக் கொடுத்தார். இரண்டு வாரத்தில் தகரக் கொட்டகையில் இரண்டு கழிப்பறையும், ஒரு தண்ணீர் டிரம்மும் வந்தன.

எங்களுக்குள் அன்று பெரிய வாக்குவாதம். மானத்துக்காகக் கேட்டபோது வராதது, நஷ்டக் கணக்குக் காட்டியபோது வந்தால், நாம் யாருடைய மொழியில் பேசத் தொடங்கிவிட்டோம் என்று ஒரு தோழர் கேட்டார். தையல் கம்பெனிகளில் கழிப்பறைக்குப் போகும் நிமிடத்தை எண்ணி எண்ணிப் பெண்களை வதைத்த அதே கணக்குத்தான் இது. தோழி சொன்னார்: "அங்க அந்தக் கணக்க எனக்கு எதிரா போட்டாங்க. இங்க பேனா என் கையில இருந்துச்சு. அவ்ளோதான் வித்தியாசம்." அந்த வித்தியாசம் போதாது. ஆனால் அது இல்லாமலும் இருக்க முடியாது. நாங்கள் வந்து சேர்ந்த இடம் இதுதான்.

அம்பேத்கரை நாம் அரசியல் சட்டத்தோடு நிறுத்திவிடுகிறோம். 1942 முதல் 1946 வரை அவர் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைப் பார்த்தார். 1943-இல் சுரங்கப் பெண்களின் மகப்பேற்று நலச் சட்டத்தைத் திருத்தினார். தொழிற்சாலைகளில் வாரத்துக்கு 54 மணி நேரம் என்றிருந்ததை 48 ஆக்கும் மசோதாவை 1946-இல் கொண்டுவந்தார். வேலை நேரத்தை எழுதும் மேசை எவ்வளவு முக்கியம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த மேசைக்கு வெளியே போராடும் சங்கமும் வேண்டும், அந்த மேசையில் நம் ஆளும் வேண்டும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறவர்களை நம்பாதீர்கள்.

ஆகவே சில வேலைகள் நமக்கு இருக்கின்றன.

சித்தாள் பெண்களுக்குக் கொத்து, கம்பி, டைல்ஸ், அளவெடுப்பு ஆகியவற்றில் பயிற்சி, கூலி இழப்புக்கு ஈட்டுத் தொகையோடு, அவர்கள் வாழும் இடத்துக்குப் பக்கத்திலேயே வேண்டும். தையூரில் பயிற்சி நிலையம் இருக்கிறது என்றால், ஆவடிப் பெண் நகரத்தின் மறு முனைக்குப் போக வேண்டும். அம்பத்தூர் அரசு ஐ.டி.ஐ.யில் மாலை வகுப்பு ஏன் நடத்தக்கூடாது? மனு எழுதுவோம், வாருங்கள்.

கர்நாடகத்தில் அரசுக் கட்டுமான ஒப்பந்தங்களில், குறிப்பிட்ட தொகைக்கு உட்பட்டவற்றில், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் சேர்த்து 24.1 சதவீத இடஒதுக்கீட்டைச் சட்டமாகவே கொண்டுவந்தார்கள். ஆதிதிராவிடர்களுக்கு வீடு கட்டவென்றே 1974-இல் தாட்கோவைத் தொடங்கிய மாநிலம் நம்முடையது. இங்கும் அப்படி ஒரு சட்டம் வேண்டும் என்று கேட்க நமக்கு எல்லா உரிமையும் உண்டு. நம் பெண்கள் ஒப்பந்தக்காரர்களாகும் வழி அதில்தான் இருக்கிறது.

கடைசியாக, சிவில் படித்துக்கொண்டிருக்கும் தங்கைகளுக்கு. "சைட்டு உனக்கு வேணாம்மா, வெயிலு" என்று அக்கறையாகச் சொல்வார்கள். உங்கள் அம்மாவுக்கு அந்த வெயிலைப் பற்றி யாரும் அக்கறைப்பட்டதில்லை. போங்கள். போகும்போது விதிப் புத்தகத்தைப் படித்துவிட்டுப் போங்கள். பார்த்ததைத் தேதியோடு எழுதி வையுங்கள். எழுதியதன் நகல் ஒன்றை வீட்டில் வைத்திருங்கள். சைட்டில் இருக்கும் சித்தாள் அக்காக்களின் பெயரை முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். அவர்கள் நலவாரிய அட்டை வைத்திருக்கிறார்களா, புதுப்பித்திருக்கிறார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் எங்களுக்குச் சொல்லுங்கள், விண்ணப்பத்தோடு நாங்கள் வருகிறோம்.

ஜெய்பீம்.